ஜாவா வலைச் செயலியை எங்கே, எப்படி ஹோஸ்ட் செய்வது: முழுமையான வழிகாட்டி

உங்கள் கணினியில் 8080 போர்ட்டில் நன்றாக ஓடும் ஒரு ஜாவா செயலியை இணையத்தில் ஏற்ற இன்று வழிகள் நிறைய. மாத வாடகைக்கு ஒரு விர்ச்சுவல் சர்வர், ஹெரோகு போன்ற தளங்கள், செயலியையும் அதற்குத் தேவையானவற்றையும் ஒரே பொட்டலமாக்கும் டாக்கர் கன்டெய்னர், பல கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டீஸ், கோரிக்கை வரும்போது மட்டும் செயலியை ஓட்டும் ஏடபிள்யூஎஸ் லாம்டா என்று பட்டியல் நீளும். பலர் முதலில் இடத்தை முடிவு செய்துவிட்டு, பிறகு செயலியை அதற்கேற்ப வளைக்கப் பார்த்து வாரக்கணக்கில் அல்லாடுகிறார்கள். செருப்புக்குத் தக்கபடி காலை வெட்டுகிற வேலை அது. செயலி தன் கையில் எதை வைத்திருக்கிறது, எவ்வளவு மெமரி கேட்கிறது, எழுந்து நிற்க எத்தனை நொடி எடுக்கிறது என்ற மூன்றும் தெரிந்துவிட்டால், பாதி வழிகள் தாமாகவே கழிந்துவிடும்.

படி 1: செயலியை அளந்து பாருங்கள்

பயனர் லாகின் செய்ததும் உருவாகும் செஷன் ஜேவிஎம்மின் (ஜாவா செயலியை ஓட்டும் மென்பொருளின்) மெமரியில் இருக்கிறதா? பயனர்கள் ஏற்றும் படங்கள் சர்வரின் வட்டில் ஒரு ஃபோல்டரில் விழுகின்றனவா? இரவு 2 மணிக்கு அறிக்கை அனுப்பும் வேலை செயலிக்குள்ளேயே ஷெட்யூல் செய்யப்பட்டிருக்கிறதா? மூன்றில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும், இப்போதைக்கு அதை ஒரே சர்வரில், ஒரே பிரதியாக ஓட்டுங்கள்.

அப்படியே இரண்டு பிரதிகளாக ஓட்டினால், லாகின் செய்தவரின் அடுத்த கோரிக்கை மற்ற பிரதிக்குப் போய் மறுபடி லாகின் பக்கம் வரும். ஏற்றிய படம் ஒரு முறை தெரியும், மறுமுறை 404 கிடைக்கும். அறிக்கை ஒவ்வொருவருக்கும் இரண்டு முறை போகும். செஷனை ஸ்பிரிங் செஷன் நூலகம் வழியாக ரெடிஸ் என்ற பொதுவான மெமரிச் சேமிப்பகத்துக்கும், கோப்புகளை எஸ்3 போன்ற ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜுக்கும் மாற்றி, ஷெட்யூல் வேலைகளுக்கு டேட்டாபேஸில் பூட்டு வைக்கும் ஷெட்லாக் போன்ற நூலகத்தைச் சேர்த்த பிறகுதான் பிரதிகளைக் கூட்டுவது பற்றி யோசிக்கலாம்.

மெமரியை அளக்கும்போது ஹீப்பை (ஜாவா ஆப்ஜெக்ட்கள் தங்கும் மெமரிப் பகுதியை) மட்டும் பார்க்காதீர்கள். செயலியை அரை மணி நேரம் உண்மையான பயன்பாட்டுக்கு ஒத்த சுமையில் ஓட்டிவிட்டு, டாப் கட்டளையில் ரெஸ் என்ற நெடுவரிசையைப் பாருங்கள். ஜேவிஎம் உண்மையில் பிடித்து வைத்திருக்கும் மொத்த மெமரி அதுதான். தொடங்கும் நேரத்தை, ஜாவா வலைச் செயலிகள் எழுதப் பயன்படும் ஃபிரேம்வொர்க்கான ஸ்பிரிங் பூட் தன் லாகிலேயே எழுதிவிடும். ஆனால் வேகமான மடிக்கணினியில் 6 நொடியில் எழும் செயலி, ஒற்றை சிபியு உள்ள சிறிய சர்வரில் பல மடங்கு நேரம் எடுக்கலாம். போகப்போகிற இடத்துக்கு ஒத்த அளவில்தான் அளக்க வேண்டும்.

படி 2: ஜாரா, வாரா?

ஜாவா செயலியைப் பொட்டலமாக்க இரண்டு வகைக் கோப்புகள் உண்டு: தானே ஓடும் ஜார், தனி டாம்கேட் சர்வருக்குள் போடும் வார். புதிதாக எழுதும் செயலி என்றால் ஜார். டாம்கேட் என்ற வலைச் சர்வரை உள்ளேயே வைத்துக்கொண்டு ஒற்றைக் கோப்பாக ஓடுவதால், உங்கள் கணினியில் சோதித்த அதே டாம்கேட் பதிப்புதான் சர்வரிலும் ஓடும். வார் கோப்பு இரண்டு சூழலில்தான் பொருந்தும்: நிறுவனத்தில் ஏற்கெனவே டாம்கேட் சர்வர் ஒன்றைப் பராமரிக்கும் குழு இருந்தால், அல்லது ஜார் ஆக மாற்ற முடியாத பழைய செயலி என்றால்.

வார் வழியில் போகிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் டாம்கேட் பதிப்பு. டாம்கேட் 9 வரை செர்வ்லெட் பேக்கேஜ்களின் பெயர் ‘ஜாவாஎக்ஸ்’ என்று தொடங்கும். டாம்கேட் 10-இலிருந்து ‘ஜகார்த்தா’. ஸ்பிரிங் பூட் 2-இல் கட்டிய வார் கோப்பை டாம்கேட் 10-இல் போட்டால் அது விரியும், பிழை எதுவும் கண்ணில் படாமலேகூட இருக்கும், ஆனால் எந்த முகவரியைத் திறந்தாலும் 404 வரும். ஸ்பிரிங் பூட் 3 வார் கோப்பை டாம்கேட் 9-இல் போட்டாலும் இதே கதிதான். ஸ்பிரிங் பூட் 2-க்கு டாம்கேட் 9, ஸ்பிரிங் பூட் 3-க்கு டாம்கேட் 10.1 என்று மனதில் வையுங்கள். பழைய வார் ஒன்றை டாம்கேட் 10-இல்தான் ஓட்டியாக வேண்டும் என்றால், ‘வெப்ஆப்ஸ்’ ஃபோல்டருக்குப் பதில் ‘வெப்ஆப்ஸ்-ஜாவாஈஈ’ என்ற ஃபோல்டரில் போடுங்கள். டாம்கேட் அதைத் தானே மாற்றிக்கொள்ளும்.

இன்னொன்று: டாம்கேட்டை நிறுத்தாமல் வார் கோப்பை மட்டும் மாற்றி மாற்றிப் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பழைய செயலியின் ஒரு த்ரெட்டோ ஜேடிபிசி டிரைவரோ விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால், அதன் கிளாஸ்கள் எல்லாம் மெட்டாஸ்பேஸில் (கிளாஸ் விவரங்களுக்கான மெமரிப் பகுதியில்) தங்கிவிடும். மெட்டாஸ்பேஸ் சில டிப்ளாய்களிலேயே நிரம்பிவிடலாம். ஒவ்வொரு முறையும் முழுதாக ரீஸ்டார்ட் செய்வதே சரி.

ஜாவா பதிப்பிலும் கவனம் வேண்டும். 21-க்காகக் கம்பைல் செய்த செயலியை 17 இருக்கும் சர்வரில் ஓட்டினால், கிளாஸ் கோப்பின் பதிப்பு 65, தெரிந்தது 61 வரைதான் என்று சொல்லி உடனே நின்றுவிடும். ஸ்பிரிங் பூட் 3-க்குக் குறைந்தது ஜாவா 17 வேண்டும்.

படி 3: மெமரிக் கணக்கு

ஜாவா செயலிகள் சர்வரில் சாகும் விதங்களில் இரண்டைப் பிரித்தறியத் தெரிய வேண்டும். முதலாவது, லாகில் ‘அவுட் ஆஃப் மெமரி, ஜாவா ஹீப் ஸ்பேஸ்’ என்று எழுதிவிட்டுத் தடுமாறுவது. ஹீப்பின் உச்சவரம்பு போதவில்லை, அல்லது செயலியில் மெமரி கசிகிறது. இரண்டாவது, லாகில் ஒரு வரிகூட இல்லாமல் ப்ராசஸ் மறைந்துபோவது. எக்ஸிட் கோடு 137 என்று இருக்கும். 128-உடன் 9-ஐக் கூட்டினால் 137; 9 என்பது ப்ராசஸை உடனே கொல்லும் சிக்கில் (SIGKILL) சிக்னல். ஜேவிஎம் தானாகச் சாகவில்லை, லினக்ஸ் கெர்னல் அதைக் கொன்றுவிட்டது. ஹீப் வரம்புக்குள்தான் இருந்திருக்கும். மொத்த மெமரிதான் மீறியிருக்கும்.

இரண்டாவது வகைக்கு ஹீப்பைக் கூட்டுவது நெருப்பில் எண்ணெய் ஊற்றுவது. அங்கே ஹீப்பைக் குறைக்க வேண்டும், அல்லது சர்வரின் மெமரியைக் கூட்ட வேண்டும்.

காரணம் எளிது. ஹீப்புக்கு வெளியே மெட்டாஸ்பேஸ், ஜிட் கம்பைலர் ஓடும்போதே உருவாக்கும் இயந்திர நிரல், ஒவ்வொரு த்ரெட்டுக்கும் ஒரு ஸ்டாக், நெட்வொர்க் பஃபர்கள் என்று எல்லாம் தனியாக இடம் பிடிக்கும். 64 பிட் லினக்ஸில் ஒரு த்ரெட்டின் ஸ்டாக் வரம்பு 1 எம்பி. டாம்கேட் இயல்பாக 200 த்ரெட் வரை திறக்கும். நடுத்தர ஸ்பிரிங் பூட் செயலிக்கு ஹீப்பைத் தவிர 250 முதல் 350 எம்பி வரை ஒதுக்குவது நல்ல தொடக்கக் கணக்கு. 512 எம்பி ஹீப் என்றால் செயலிக்கு மட்டும் சுமார் 850 எம்பி. 1 ஜிபி சர்வரில் அது மூச்சுத் திணறும். டேட்டாபேஸ் வேறு இடத்தில் இருந்தால் 2 ஜிபி தாராளம். அதே சர்வரில் டேட்டாபேஸும் ஓடினால் 4 ஜிபி வாங்குங்கள்.

ஹீப் அளவைச் சொல்லாமல் விட்டால் ஜேவிஎம் இருக்கும் மெமரியில் கால் பங்கை மட்டும் எடுத்துக்கொள்ளும். 512 எம்பி கன்டெய்னரில் சுமார் 128 எம்பி. பணம் கொடுத்து வாங்கிய மெமரி சும்மா கிடக்க, செயலி ஹீப் போதாமல் திண்டாடும். கன்டெய்னரில், மெமரியில் எத்தனை சதவீதம் ஹீப்புக்கு என்று சொல்லும் ‘மேக்ஸ் ராம் பெர்சென்டேஜ்’ அமைப்பை 1 ஜிபி அளவில் 60 என்றும், 2 ஜிபிக்கு மேல் 70 அல்லது 75 என்றும் வைத்துத் தொடங்கலாம். சாதாரண சர்வரில் ஹீப்பின் உச்சவரம்பை எக்ஸ்எம்எக்ஸ் (-Xmx) கொண்டு நேரடியாக எம்பி கணக்கில் சொல்வதே தெளிவு.

பழைய ஜாவாவில் ஒரு பொறி உண்டு. கன்டெய்னரின் மெமரி வரம்பை ஜேவிஎம் தானாக உணர்வது ஜாவா 10-இல் வந்து, பிறகு ஜாவா 8-இன் 191ஆம் அப்டேட்டுக்கும் கொண்டுவரப்பட்டது. புதிய லினக்ஸ்கள் கன்டெய்னருக்கு வரம்பு விதிக்கப் பயன்படுத்தும் சிகுரூப் 2-ஐ உணர ஜாவா 8-இல் 372, ஜாவா 11-இல் 11.0.16, மற்றபடி 15 அல்லது அதற்கு மேல் வேண்டும். அதற்கு முந்தையது என்றால், 1 ஜிபி கன்டெய்னருக்குள் இருந்துகொண்டே 32 ஜிபி சர்வரின் கால் பங்கான 8 ஜிபி தனக்கு என்று நினைத்துக்கொள்ளும். 137-இல் போய் முடியும்.

படி 4: வழிகளை எடைபோடுதல்

பிஎச்பிக்கான பகிர்வு ஹோஸ்டிங் ஜாவாவுக்கு ஆகாது. ஜேவிஎம் இடைவிடாமல் ஓடும் ப்ராசஸ். அதற்கு அங்கே இடமில்லை.

ஒற்றை விர்ச்சுவல் சர்வர் இன்றும் பெரும்பாலான செயலிகளுக்குப் போதும். ஒரு நிறுவனத்தின் உள்வேலைகளுக்கான செயலி, சில ஆயிரம் பயனர்கள், ஒரு டேட்டாபேஸ் என்றால் தயங்காமல் இதை எடுக்கலாம். லினக்ஸ் அப்டேட், பேக்கப், சான்றிதழ் எல்லாவற்றையும் நீங்கள்தான் பார்க்க வேண்டும். அதற்கு மாதம் சில மணி நேரம் ஒதுக்க ஆள் இல்லை என்றால் இதை எடுக்காதீர்கள்.

அப்படி ஆள் இல்லாதவர்களுக்குத்தான் ஹெரோகு, எலாஸ்டிக் பீன்ஸ்டாக், அஸூர் ஆப் சர்வீஸ் போன்ற தளங்கள். நிரலைக் கொடுத்தால் மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், ஆனால் அவர்களுடைய விதிகளுக்கு நீங்கள் கட்டுப்பட வேண்டும். ஹெரோகுவில் செயலி எந்தப் போர்ட்டில் கேட்க வேண்டும் என்பது ‘போர்ட்’ என்ற என்விரான்மென்ட் மாறியில் வரும். 60 நொடிக்குள் அதில் கேட்கத் தொடங்காவிட்டால் செயலி நிறுத்தப்படும். ஒரு கோரிக்கைக்கு 30 நொடிக்குள் பதில் வந்தாக வேண்டும். வட்டில் எழுதிய கோப்புகள் ரீஸ்டார்ட்டில் அழிந்துவிடும், அந்த ரீஸ்டார்ட் தினமும் தானாக நடக்கும். பீன்ஸ்டாக்கின் ஜாவா தளம் முன்னிருப்பாகக் கோரிக்கைகளை 5000 போர்ட்டுக்கு அனுப்பும். செயலி 8080-இல் காத்துக்கொண்டிருக்க, உலாவியில் 502 வரும். ஸ்பிரிங் பூட் படிக்கும் ‘சர்வர் போர்ட்’ (SERVER_PORT) மாறியை 5000 என்று வைத்தால் சரியாகிவிடும்.

டாக்கர் ஒரு இடமல்ல, கட்டும் முறை. ஒரே சர்வரில் ஓட்டினாலும், ஜாவா பதிப்பு உட்பட எல்லாம் ஒரே பொட்டலமாகிவிடுவதால் பயன் உண்டு. ஸ்பிரிங் பூட் 2.3 முதல் டாக்கர்ஃபைல் எழுதாமலேயே மேவன், கிரேடில் பிளக்-இன் மூலம் இமேஜ் கட்டலாம். நீங்களே எழுதினால் இரண்டு கட்டமாக எழுதுங்கள்: முதல் கட்டத்தில் ஜேடிகே வைத்துக் கம்பைல், இரண்டாவதில் ஜேஆர்இ மட்டும் உள்ள இமேஜில் ஜாரைச் சேர்த்து, ரூட் அல்லாத பயனராக ஓட்டுதல். தொடக்கக் கட்டளையைச் சதுர அடைப்புக்குறிப் பட்டியலாக எழுத வேண்டும். வெறும் வரியாக எழுதினால் நடுவில் ஒரு ஷெல் வந்து உட்கார்ந்துகொள்ளும். நிறுத்தும் சிக்னல் ஜேவிஎம்முக்குப் போய்ச் சேராமல் போகலாம். டாக்கர் 10 நொடி பொறுத்துப் பார்த்துவிட்டு வெட்டிவிடும், பாதியில் இருந்த கோரிக்கைகள் அறுந்துபோகும்.

குபர்நெட்டீஸைப் பற்றி வெளிப்படையாகவே சொல்லிவிடலாம்: இரண்டு மூன்று சர்வீஸ் மட்டும் உள்ள குழுவுக்கு அது வேண்டாம். பல சர்வீஸ்கள், பல குழுக்கள், கிளஸ்டரைப் பார்த்துக்கொள்ளத் தனி ஆள் என்று இருந்தால் அதன் பலன் பெரிது. ஜாவாவுக்கு அங்கே வரும் முதல் தலைவலி, செயலி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் லைவ்னெஸ் ப்ரோப். முன்னிருப்பாக 10 நொடிக்கு ஒரு முறை பார்க்கும், 3 முறை தோற்றால் கன்டெய்னரைக் கொன்று மறுபடி தொடங்கும். எழ 50 நொடி எடுக்கும் செயலி ஒருபோதும் எழாது, சுழன்றுகொண்டே இருக்கும். ஸ்டார்ட்அப் ப்ரோப் ஒன்றைச் சேர்த்து, தோல்வி வரம்பை 30 என்று வைத்தால் 300 நொடி அவகாசம் கிடைக்கும். லைவ்னெஸ் சோதனையில் டேட்டாபேஸைச் சேர்க்காதீர்கள். டேட்டாபேஸ் ஒரு நிமிடம் தடுமாறினால் எல்லாப் பிரதிகளும் ஒன்றாக ரீஸ்டார்ட் ஆகி, ஒரு நிமிடத் தடங்கல் பத்து நிமிடமாகும். அது, கோரிக்கைகளை ஏற்கத் தயாரா என்று பார்க்கும் ரெடினெஸ் சோதனையில் இருக்க வேண்டியது.

லாம்டா எப்போதாவது வரும் கோரிக்கைகளுக்கும் சிறிய வேலைகளுக்கும் ஏற்றது. ஒரு அழைப்புக்கு உச்சவரம்பு 15 நிமிடம். ஜேவிஎம் எழும் நேரம் முதல் பயனரின் தலையில் விழும். அதைக் குறைக்க ஸ்னாப்ஸ்டார்ட் வசதி 2022 முதல் இருக்கிறது. செயலியை முன்கூட்டியே இயந்திர நிரலாக மாற்றிவிடும் கிரால்விஎம் நேட்டிவ் இமேஜ் இன்னும் வேகமாக எழும், ஆனால் ரிஃப்ளெக்‌ஷன் பயன்படுத்தும் நூலகங்களைக் கட்டும் நேரத்திலேயே அறிவிக்க வேண்டும். பழைய, பெரிய செயலியை அப்படியே மாற்ற முயல்வது வீண் உழைப்பு.

படி 5: ஒற்றைச் சர்வரில் ஏற்றும் முறை

1. உபுண்டு அல்லது டெபியனின் நீண்ட கால ஆதரவுப் பதிப்பைப் போட்டு, கம்பைல் செய்த அதே ஜாவாவின் ஹெட்லெஸ் ஜேஆர்இயை நிறுவுங்கள்.

2. லாகின் செய்ய முடியாத தனிப் பயனர் ஒன்றை உருவாக்குங்கள். ஜார் அவருக்குப் படிக்க மட்டும் உரிமையுடன் இருக்கட்டும். டேட்டாபேஸ் கடவுச்சொல்லை ஜாருக்குள் வைக்காமல், 600 அனுமதியுள்ள தனி என்விரான்மென்ட் கோப்பில் வையுங்கள்.

3. லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டிக்கு ஒரு சர்வீஸ் கோப்பு எழுதுங்கள். பயனர் பெயர், ஜாவாவின் முழுப் பாதை, தோல்வியில் 10 நொடி கழித்து மறுபடி தொடங்கும் அமைப்பு ஆகியவை வேண்டும். முறையாக நிறுத்தப்பட்ட ஜேவிஎம் 143 என்ற எக்ஸிட் கோடுடன் வெளியேறும். ‘சக்சஸ் எக்ஸிட் ஸ்டேட்டஸ்’ 143 என்று சேர்க்காவிட்டால், ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் சர்வீஸ் தோற்றதாகச் சிவப்பில் காட்டும்.

4. செயலியை 127.0.0.1-இல் மட்டும் கேட்க வையுங்கள். ஸ்பிரிங் பூட் இயல்பாக எல்லா முகவரிகளிலும் கேட்கும். ஃபயர்வாலில் 22, 80, 443 மட்டும் திறந்திருக்கட்டும். ஸ்பிரிங் பூட்டின் கண்காணிப்பு வசதியான ஆக்சுவேட்டரின் எல்லா முகவரிகளையும் திறந்துவிடாதீர்கள். அதன் வழியாக ஹீப் டம்ப்பை (ஹீப்பின் முழு நகலை) தரவிறக்க முடிந்தவருக்கு உள்ளே இருக்கும் கடவுச்சொற்களும் கிடைத்துவிடும்.

5. கோரிக்கைகளை வாங்கிச் செயலிக்கு அனுப்பும் வலைச் சர்வராக என்ஜின்எக்ஸை முன்னால் வைத்து, ஹோஸ்ட், எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார், எக்ஸ்-ஃபார்வர்டட்-புரோட்டோ தலைப்புகளை அனுப்பச் சொல்லுங்கள். ஸ்பிரிங் பூட்டில் ஃபார்வர்ட் ஹெடர் அமைப்பையும் இயக்க வேண்டும். இது விட்டுப்போனால், லாகின் முடிந்ததும் பயனர் எச்டிடிபிஎஸ்ஸிலிருந்து எச்டிடிபிக்குத் தள்ளப்படுவார்.

6. கோப்பு ஏற்றத்துக்கு இரண்டு வாசல்கள் உண்டு, இரண்டையும் திறக்க வேண்டும். என்ஜின்எக்ஸ் 1 எம்பிக்கு மேல் 413 சொல்லித் திருப்பிவிடும். அதை உயர்த்தினாலும் ஸ்பிரிங் பூட் ஒரு கோப்புக்கு 1 எம்பி, ஒரு கோரிக்கைக்கு 10 எம்பி என்று தடுக்கும்.

7. எச்டிடிபிஎஸ்ஸுக்கு வேண்டிய லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழை செர்ட்பாட் மூலம் வாங்கினால் 90 நாளுக்குச் செல்லும், தானே புதுப்பித்துக்கொள்ளும். புதுப்பிப்பை முதல் நாளே வெள்ளோட்டம் விட்டுப் பாருங்கள்.

8. டாம்கேட்டின் தற்காலிக ஃபோல்டரைச் செயலியின் சொந்த ஃபோல்டருக்கு மாற்றுங்கள். இயல்பாக அது டிம்ப் (/tmp) ஃபோல்டரில் உருவாகும். சில லினக்ஸ்களில் டிம்ப்பில் 10 நாள் தொடாத கோப்புகளை சிஸ்டம்டி துடைத்துவிடும். செயலி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஒருநாள் திடீரென்று கோப்பு ஏற்றம் மட்டும் தோற்கத் தொடங்கும். ரீஸ்டார்ட் செய்தால் சரியாகும், பத்து நாள் கழித்து மறுபடி வரும். காரணம் தெரியாமல் பலர் நிரலைத் துருவிக்கொண்டிருப்பார்கள்.

படி 6: டேட்டாபேஸ் இணைப்புகளை எண்ணுங்கள்

பிரதிகளைக் கூட்டும்போது முதலில் உடைவது இதுதான். டேட்டாபேஸ் இணைப்புகளைத் திறந்து தயாராக வைத்திருக்கும் ஹிகாரி பூல் முன்னிருப்பாக ஒரு பிரதிக்கு 10 இணைப்பு. போஸ்ட்கிரெஸ் முன்னிருப்பாக அனுமதிப்பது 100, அதில் 3 நிர்வாகிக்கு ஒதுக்கியது. 6 பிரதிகள் என்றால் 60, பிரச்சினை இல்லை என்று தோன்றும். புதிய பதிப்பை ஏற்றும் நிமிடத்தில் பழைய 6-உம் புதிய 6-உம் சேர்ந்து ஓடினால் 120. புதிய பிரதிகளில் சில இணைப்பு கிடைக்காமல் எழவே முடியாது, டிப்ளாய் பாதியில் நிற்கும். சாதாரண நாளில் வராமல் டிப்ளாய் நேரத்தில் மட்டும் வரும் பிழை என்பதால் இதைக் கண்டுபிடிப்பது கடினம். மைஎஸ்க்யூஎல்லின் வரம்பு 151, கணக்கு அதேதான். உச்சநேரப் பிரதிகளின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி, பூல் அளவால் பெருக்குங்கள். அது டேட்டாபேஸ் வரம்பில் முக்கால் பங்கைத் தாண்டக் கூடாது.

பூலை 100, 200 என்று பெருக்குவதால் வேகம் கூடாது. டேட்டாபேஸின் சிபியு கோர்கள் 4 என்றால், 200 கேள்விகள் (க்வெரிகள்) ஒன்றாகப் போனாலும் அவை வரிசையில்தான் நிற்கும். மெதுவான கேள்வியைத் திருத்துங்கள்.

படி 7: நிறுத்துவதும் பின்வாங்குவதும்

ஸ்பிரிங் பூட் 3.4 முதல், நிறுத்தும்போது கையிலிருக்கும் கோரிக்கைகளை முடித்துவிட்டு நிற்பது முன்னிருப்பு. முந்தைய பதிப்புகளில் ‘சர்வர் ஷட்டவுன் கிரேஸ்ஃபுல்’ என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். அதற்குச் செயலி எடுத்துக்கொள்ளும் அவகாசம் 30 நொடி. வெளியே இருப்பவர் அதைவிட அதிகம் பொறுக்க வேண்டும். டாக்கரின் 10 நொடியை 40 ஆக்குங்கள். குபர்நெட்டீஸின் 30 நொடியும் சரிசமமாக மோதும், 45 ஆக்குங்கள். சிஸ்டம்டியின் 90 நொடி போதும்.

புதிய பதிப்பு சொதப்பினால் ஒரு நிமிடத்தில் பழையதற்குத் திரும்ப வழி இருக்க வேண்டும். ஜார் கோப்பின் பெயரில் பதிப்பு எண்ணைச் சேர்த்து, கடைசி ஐந்தை வைத்திருங்கள். சர்வீஸ் கோப்பு ஒரு சிம்பாலிக் லிங்க்கை மட்டும் காட்டட்டும். லிங்க்கை மாற்றி ரீஸ்டார்ட் செய்தால் முடிந்தது. டேட்டாபேஸ் மட்டும் அப்படித் திரும்பாது. ஒரு டேபிளின் நெடுவரிசைப் பெயரை மாற்ற வேண்டும் என்றால், முதல் வெளியீட்டில் புதிய நெடுவரிசையைச் சேர்த்து இரண்டிலும் எழுதுங்கள். அடுத்த வெளியீட்டில் புதியதிலிருந்து மட்டும் படியுங்கள். அதற்கும் அடுத்ததில்தான் பழையதை நீக்க வேண்டும். ஒரே வெளியீட்டில் நீக்கிவிட்டால், லிங்க்கைத் திருப்பிப் போட்டதும் பழைய ஜார் இல்லாத நெடுவரிசையைத் தேடி எழும்போதே விழும்.